ஜப்பான் மூழ்குகிறது: ஓர் அறிவியல் புதினம்

ஜப்பானுக்குத் தெற்கே, பசிபிக் பெருங்கடலில், ஆளில்லாத சிறு தீவு ஒன்று. மீன்பிடிக்கச் சென்றோர் சிலர் அதன் ஓரமாக நங்கூரம் பாய்ச்சி இரவைக் கழிக்கின்றனர். பொழுது விடிவதற்குள் அத்தீவைக் காணவில்லை. ஒரே இரவில் அது கடலுக்குள் இறங்கிவிட்டது.

காரணத்தை அறிய, ஆழ்கடலுக்குள் செல்லும் நீர்மூழ்கிக் கலம் ஒன்று அனுப்பப்படுகிறது. அதன் பெயர் வதாத்சுமி. கடல் தெய்வத்தைக் குறிக்கும் பழைய ஜப்பானியச் சொல் அது. கலத்தைச் செலுத்துபவன் ஒனோதெரா என்னும் இளைஞன். உடன் செல்வோருள் ஒருவர் ததோகோரோ என்னும் புவி இயற்பியல் அறிஞர். முரட்டுக் குணமும் கூரிய அறிவும் வாய்ந்தவர். ஏறத்தாழ 8,000 மீட்டர் ஆழத்தில், ஜப்பான் அகழியின் அடித்தரையை அவர்கள் அடைகின்றனர். கதிரவன் ஒளி ஒருபோதும் எட்டாத இடம். கலத்தின் விளக்கொளியில் அவர்கள் காண்பது கடல்தரையின்மேல் நெடுந்தொலைவு நீளும் சுவடுகளை. ஏதோ மிகப் பெரிய பொருள் இழுபட்டுச் சென்றதைப்போல் அவை தோன்றுகின்றன. சேறு கலங்கி, ஆறுபோல் ஓடுகிறது. கண்டதன் பொருள் ததோகோரோவுக்கு மெல்ல மெல்லப் புலப்படுகிறது. மூழ்கியது ஒரு சிறு தீவு மட்டுமன்று. ஜப்பான் நாடே மூழ்கப்போகிறது.

இவ்வாறு தொடங்கும் புதினத்தின் பெயர் ‘ஜப்பான் மூழ்குகிறது’. ஜப்பானிய மொழியில் ‘நிஹோன் சிம்போட்சு’ என்பர். எழுதியவர் சாக்கியோ கொமாட்சு. 1973ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த இந்நூலின் படிகள் 40 இலட்சத்தை நெருங்கும் அளவுக்கு விற்றன. அவ்வாண்டின் இறுதியிலேயே திரைப்படமும் வந்துவிட்டது. நிலநடுக்கத்தைப் பற்றி எழுதப்பட்ட அறிவியல் புதினங்களுள் இதற்கு இணையாகப் புகழ்பெற்றது வேறொன்று உண்டா என்பது ஐயமே. 1976ஆம் ஆண்டு சுருக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. உங்கள் பள்ளி நூலகத்தில் கிடைத்தால் விடாதீர்கள்.

கொமாட்சு அறிவியல் படித்தவர் அல்லர். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றது இத்தாலிய இலக்கியம். ஆயினும் இப்புதினத்திற்காக அவர் ஒன்பது ஆண்டுகள் உழைத்தார். 1964ஆம் ஆண்டு எழுதத் தொடங்கியபோது, கண்டங்கள் நகர்கின்றன என்னும் கருத்தே அறிஞரிடையே விவாதத்திற்குரியதாக இருந்தது. அவர் எழுதி முடிப்பதற்குள் அக்கருத்து ‘புவித்தட்டுக் கொள்கை’ என்னும் பெயரில் உலகெங்கும் ஏற்கப்பட்டுவிட்டது. அறிவியல் வளர வளர அவரது புதினமும் உடன் வளர்ந்தது எனலாம். மின்னணுக் கணிப்பான் விலைமிகுந்த அரிய பொருளாக இருந்த அக்காலத்தில், அவர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு ஜப்பான் தீவுகளின் எடை எவ்வளவு, அவற்றை அசைக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்றெல்லாம் கணக்கிட்டுப் பார்த்தார். கதை எழுதுபவருக்கு இத்தனை கணக்கு எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். அதற்கு விடை காண, முதலில் நிலநடுக்கம் எப்படி நிகழ்கிறது என்பதை அறிந்துகொள்வோம்.

நாம் நிற்கும் புவியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. அவித்த முட்டையை மெல்லத் தட்டினால் ஓடு பல துண்டுகளாக விரிசல் விடும். ஆயினும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். புவியின் வெளிப்புறமும் அவ்வாறே பெரியனவும் சிறியனவுமான தட்டுகளாகப் பிரிந்துள்ளது. அவற்றின் அடியில் உள்ள ‘கவசம்’ என்னும் அடுக்கு திண்மமானதுதான். ஆனால் மிகுந்த வெப்பத்தால், கோடிக்கணக்கான ஆண்டுக் கணக்கில் பார்த்தால், மெழுகுபோல் மெல்ல நகர்கிறது. மேலே உள்ள தட்டுகளும் நகர்கின்றன. ஜப்பான் நான்கு தட்டுகள் சந்திக்கும் இடத்தில் அமைந்துள்ளது. கிழக்கிலிருந்து வரும் பசிபிக் தட்டு ஆண்டுக்கு 8 முதல் 9 செண்டிமீட்டர் வீதம் நகர்ந்து, ஜப்பான் அகழியில் தலைகுனிந்து, தீவுகளுக்கு அடியில் நுழைகிறது. உங்கள் கைநகம் ஓராண்டில் வளரும் நீளத்தைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். அவ்வளவுதான் அதன் வேகம்.

இவ்வளவு மெல்ல நகரும் ஒன்று எப்படி நகரங்களைச் சாய்க்கும்? தட்டுகள் வழுக்கிக்கொண்டு நகர்ந்தால் தொல்லையே இல்லை. அவை ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன. கீழ்த்தட்டு இறங்கும்போது மேல்தட்டின் விளிம்பையும் சேர்த்து இழுக்கிறது. வில்லின் நாணை இழுத்துக்கொண்டே போவதைப்போல, ஆண்டுதோறும் சேரும் சில செண்டிமீட்டர்கள் ஒரு நூற்றாண்டில் எட்டு ஒன்பது மீட்டர்கள் ஆகிவிடும். ஒருநாள் பிடி விடுகிறது. நூறாண்டுகள் சேர்த்துவைத்த விசை ஓரிரு நிமிடங்களில் வெளிப்படுகிறது. அதுவே நிலநடுக்கம். கடல்தரை திடீரென்று உயர்ந்தால் அதன்மேல் உள்ள நீர் முழுவதும் உயர்ந்து ஆழிப்பேரலையாகப் பரவும். முற்கால ஜப்பானியர், நிலத்தின் அடியில் கிடக்கும் மிகப் பெரிய கெளிறு மீன் ஒன்று புரளுவதால் நிலம் அதிர்கிறது என்று கதை சொன்னார்கள். நம் பாட்டிமார் ஆதிசேடன் தலையை மாற்றிக்கொள்கிறான் என்று சொன்னதைப்போலத்தான்.

சரி, ஜப்பான் உண்மையாகவே மூழ்குமா? மூழ்காது. தீவுகளையும் கண்டங்களையும் ஆக்கியுள்ள பாறை, கவசத்தின் பாறையைவிட எடை குறைந்தது. ஒரு கன செண்டிமீட்டர் கருங்கல் ஏறத்தாழ 2.7 கிராம் இருக்கும். கவசத்தின் மேற்பகுதிப் பாறையோ 3.3 கிராம். நீரில் மரக்கட்டை மிதப்பதுபோல நிலம் கவசத்தின்மேல் மிதக்கிறது. மரக்கட்டையை அமுக்கி வைத்தாலும் மேலே வந்துவிடும் அல்லவா? கொமாட்சு இதை நன்கு அறிந்திருந்தார். ஆகவேதான் கணக்கிட்டார். கவசத்தின் ஓட்டம் திடீரென்று மாறி, ஜப்பானைத் தாங்கி நிற்கும் பகுதி நீங்கிவிடுகிறது என்று ஒரு கற்பனையை அமைத்துக்கொண்டார். இந்த ஒரு பொய்யைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உண்மைபோலவே கணக்கிட்டு எழுதினார். எந்த நகரில் எவ்வளவு பேர்? எத்தனை கப்பல்கள் வேண்டும்? எத்தனை விமானங்கள்? எந்தத் துறைமுகம் முதலில் பயனற்றுப் போகும்? நல்ல அறிவியல் புதினத்திற்கு இதுவே இலக்கணம் என்பது என் கருத்து. பொய் ஒன்றுதான் இருக்கலாம். பத்துப் பொய்கள் இருந்தால் அது மாயக்கதை ஆகிவிடும். அதற்கும் ஒரு சுவை உண்டு, ஆனால் அது வேறு வகை.

இனிக் கதைக்கு வருவோம். ததோகோரோவின் சொல்லை உடன் பணியாற்றும் அறிஞர்களே எளிதில் ஏற்கவில்லை. அவரை நம்புபவர் வதாரி என்னும் முதியவர். அகவை நூறைக் கடந்தவர். அரசியலின் பின்னணியில் இருந்துகொண்டு செல்வாக்குச் செலுத்துபவர். அவர் ததோகோரோவை அழைத்து, அறிவியலாளனுக்கு மிகவும் இன்றியமையாதது எது என்று கேட்கிறார். சான்றுகள் என்றோ, கருவிகள் என்றோ விடை வரும் என நாம் எதிர்பார்ப்போம். ததோகோரோ, உள்ளுணர்வு என்கிறார். இதற்கு எடுத்துக்காட்டாக அவர் சுட்டுவது ஆல்பிரட் வெகனரை. அட்லாண்டிக் பெருங்கடலின் இருபுறமும் உள்ள கரைகள் ஒன்றோடொன்று பொருந்துவதைக் கண்டு, கண்டங்கள் ஒருகாலத்தில் இணைந்திருந்தன என்று 1912ஆம் ஆண்டு அறிவித்த ஜெருமானிய அறிஞர் அவர். அன்று பலர் அவரை எள்ளி நகையாடினர். 1930ஆம் ஆண்டு கிரீன்லாந்தின் பனிவெளியில் அவர் இறந்தபோதும் அவரது கருத்து ஏற்கப்படவில்லை. ஏற்கப்பட மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. உள்ளுணர்வு மட்டும் போதுமா என்றால் போதாது. அதை மெய்ப்பிக்கப் பிறர் கடல்தரையை அளக்க வேண்டியிருந்தது. ததோகோரோவும் அளக்கத்தான் செய்கிறார். ‘டி திட்டம்’ என்னும் பெயரில் மறைவாக ஆய்வு நடைபெறுகிறது. அளக்க அளக்க எஞ்சியிருக்கும் காலம் சுருங்குகிறது. ஆண்டுக் கணக்கில் இருந்தது மாதக் கணக்காகிறது.

இதற்கிடையில் டோக்கியோவைப் பெரும் நிலநடுக்கம் தாக்குகிறது. உயர்மட்டச் சாலைகள் சரிகின்றன. நகரம் தீப்பற்றி எரிகிறது. இப்பகுதியைப் படித்த ஜப்பானியர் எவரும் கற்பனை என்று ஒதுக்கியிருக்க மாட்டார்கள். 1923ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள், நண்பகலுக்கு இரண்டு நிமிடங்களுக்கு முன், டோக்கியோவும் யோக்கோகாமாவும் அவ்வாறே அழிந்தன. ஒவ்வொரு வீட்டிலும் மதிய உணவுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். மர வீடுகள் அடுப்பின்மேல் விழுந்தன. இறந்தவர் 1 இலட்சத்துக்கும் மேல். அவர்களுள் பெரும்பாலோர் தீயினால் மாண்டனர். புதினம் வெளிவந்த ஆண்டு அந்த அழிவின் ஐம்பதாம் ஆண்டு. அதை நேரில் கண்டவர் பலர் அன்று உயிரோடு இருந்தனர்.

ஆயினும் கொமாட்சுவின் நோக்கம் அச்சமூட்டுவது அன்று. இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் அவருக்கு 14 அகவை. நாட்டு மக்கள் ஒருவர் விடாமல் போரிட்டு மடிய வேண்டும் என்னும் முழக்கத்தைக் கேட்டு வளர்ந்த சிறுவர் அவர். மடியாமல் எஞ்சிய அந்தத் தலைமுறைக்கு ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. நிலம் போய்விட்டால் மக்கள் என்ன ஆவார்கள்? நிலம் இல்லாத ஜப்பானியன் ஜப்பானியனாக இருப்பானா? இந்தக் கேள்வியை எழுப்புவதற்காகவே அவர் நாட்டை மூழ்கடித்தார்.

வதாரி, நாட்டின் எதிர்காலத்தைப் பற்றிச் சிந்திக்குமாறு அறிஞர் மூவரைத் தனியிடத்தில் அமர்த்துகிறார். அவர்கள் உறக்கமின்றி உழைத்து வழிகளை வகுக்கின்றனர். வேறோர் இடத்தில் புதிய நாடு ஒன்றை அமைப்பது ஒரு வழி. பல நாடுகளுக்கும் பிரிந்து சென்று அந்தந்த மக்களோடு கலந்துவிடுவது மற்றொரு வழி. எந்த நாடும் ஏற்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் எண்ணிப் பார்க்கின்றனர். இவற்றோடு மற்றொரு கருத்தும் அவர்களிடமிருந்து வருகிறது. எதுவும் செய்யாமல் இருப்பதே நல்லது. மக்கள் நிலத்தோடு மூழ்கிப் போகட்டும் என்பது அது. இப்பக்கத்தைப் படிக்கும் எவரும் ஒரு கணம் நின்றுவிடுவர். கொடியவர் கூறும் சொல் அன்று அது. தம் மக்களை நேசிப்பவர் கூறுவது. அயல் மண்ணில் அவர்கள் படப்போகும் துன்பத்தை எண்ணி அவ்வாறு கூறுகின்றனர். ஆட்சியாளர்களோ அதை ஏற்கவில்லை. இயன்ற அளவு உயிர்களைக் காப்பது என்றே முடிவு செய்கின்றனர். ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுடன் பேச்சு நடக்கிறது. உங்கள் மக்களுள் எத்தனை பேரை எங்களால் ஏற்க இயலும் என்னும் கேள்வியை ஒவ்வொரு நாடும் தனக்கே உரிய முறையில் கேட்கிறது. 11 கோடிப் பேரை எந்த நாடு ஏற்கும்?

கப்பல்களும் விமானங்களும் இரவு பகலாக மக்களை ஏற்றிச் செல்கின்றன. ஃபூஜி எரிமலை வெடிக்கிறது. கடற்கரைகள் ஒவ்வொன்றாக நீருக்குள் இறங்குகின்றன. கோடிக்கணக்கானோர் தப்புகின்றனர்; கோடிக்கணக்கானோர் தப்பவில்லை. தப்ப விரும்பாதவரும் உண்டு. ததோகோரோ அவர்களுள் ஒருவர். இறக்கும் தறுவாயில் இருக்கும் வதாரியின் அருகில் அமர்ந்து, இந்தத் தீவுகளின்மேல் தாம் கொண்டது காதல் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். அனைவரும் இந்நிலத்தோடு மடிவதையே தம் உள்ளம் விரும்பியது என்றும் கூறுகிறார். அப்போது வதாரி கூறும் விடைதான் இப்புதினத்தின் உயிர் என்று நான் கருதுகிறேன். ஜப்பானியர் இதுவரை தாயின் மடியில் வளர்ந்த குழந்தைகள். வெளியே சென்று அடிபட்டால் அழுதுகொண்டு ஓடிவந்து அவள் மடியில் முகம் புதைத்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள். இனி அவர்களுக்கு ஓடிவர மடி இல்லை. இனிமேல்தான் அவர்கள் வளர வேண்டும் என்பது அவர் சொல்லின் கருத்து. இதைக் கூறிய பிறகு, தம் தந்தை ஜப்பானியர் அல்லர், சீனத்துத் துறவி என்னும் செய்தியையும் அவர் வெளியிடுகிறார். மண்ணை இழந்தவரின் துயரத்தை இத்துணை அமைதியாகப் பேசுவதற்கு ஆசிரியர் எத்தகைய மனிதரைத் தேர்ந்தெடுத்தார் பாருங்கள்.

புதினம் வெளிவந்து 22 ஆண்டுகள் கழித்து, 1995ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் அதிகாலை 5.46 மணிக்குக் கோபே நகரை நிலநடுக்கம் தாக்கியது. 6,400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தூண்களின்மேல் சென்ற ஹன்ஷின் விரைவுச்சாலை 600 மீட்டருக்கும் மேலான நீளத்திற்கு அப்படியே ஒருபக்கமாகச் சாய்ந்தது. அதன் ஒளிப்படத்தைக் கண்டவர்களுக்குக் கொமாட்சுவின் பக்கங்கள் நினைவுக்கு வந்திருக்கும். ஓசாக்காவில் பிறந்து அப்பகுதியிலேயே வாழ்ந்த கொமாட்சு, தாம் எழுதியது நடந்துவிட்டது என்று பெருமை கொள்ளவில்லை. அழிந்த இடங்களைப் பற்றியும், எது ஏன் இடிந்தது என்பதைப் பற்றியும் செய்தித்தாளில் தொடர்ந்து எழுதி, அதை நூலாகவும் வெளியிட்டார்.

2011ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள், 9.0 அளவுள்ள நிலநடுக்கம் ஜப்பானின் வடகிழக்குக் கடலில் நிகழ்ந்தது. வதாத்சுமி இறங்கியதாகக் கதையில் வரும் அதே ஜப்பான் அகழியின் ஓரத்தில்தான். ஓஷிக்கா தீபகற்பம் 5 மீட்டருக்கும் மேல் கிழக்கே நகர்ந்தது. 1 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. நாடு மூழ்கவில்லை, ஆனால் கரையோரத் துறைமுகங்கள் சிலவற்றில் ஓத நீர் தெருக்களுக்குள் வரும் அளவுக்கு நிலம் உண்மையாகவே இறங்கியது. ஆழிப்பேரலையால் இறந்தோரும் காணாமற்போனோரும் பல்லாயிரவர். கொமாட்சு அதையும் கண்டார். அவ்வாண்டு சூலை 26ஆம் நாள் 80ஆம் அகவையில் மறைந்தார்.

புதினத்திற்கும் உண்மைக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றை இங்கே கூற வேண்டும். கதையில் ததோகோரோ முன்கூட்டியே நாளைக் கணித்துவிடுகிறார். உண்மையில் நிலநடுக்கம் நிகழும் நாளையும் நேரத்தையும் முன்னறிவிக்கும் ஆற்றல் இன்றுவரை எந்த நாட்டுக்கும் இல்லை. நாள் குறிப்பிட்டு வரும் செய்திகள் உங்கள் பெற்றோரின் கைப்பேசிக்கு வந்தால் நம்ப வேண்டா. இயல்வது ஒன்று உண்டு. நிலநடுக்கம் தொடங்கியதும் இருவகை அலைகள் புறப்படுகின்றன. முதலில் வருவது விரைவானது, மெல்லியது. பின்னால் வருவது மெதுவானது, கொடியது. முதல் அலையைக் கருவிகள் உணர்ந்தவுடன், இரண்டாவது வருவதற்குள் எச்சரிக்கை தரலாம். 2007ஆம் ஆண்டு முதல் ஜப்பானில் பொதுமக்களுக்கு இத்தகைய எச்சரிக்கை தரப்படுகிறது. கிடைப்பது சில விநாடிகள். தொலைவில் இருப்போருக்குச் சில பத்து விநாடிகள். மேசைக்கு அடியில் நுழைய அது போதும். நம் நாட்டிலும் தட்டு நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செண்டிமீட்டர் வடக்கே சென்று ஆசியாவை முட்டுவதால்தான் இமயமலை எழுந்தது. குவாகாத்தியிலும் தில்லியிலும் பூச்சிலும் பயிலும் நீங்கள் பள்ளியில் செய்யும் நிலநடுக்க ஒத்திகை வெறும் விளையாட்டு அன்று.

கடல் நிலத்தைக் கொள்ளும் நிகழ்ச்சிக்குத் தமிழில் ‘கடல்கோள்’ என்னும் பழஞ்சொல் உண்டு. பஃறுளி ஆற்றையும் குமரிக் கோட்டையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. இங்குக் கோடு என்பது மலை. முதல் இரு சங்கங்கள் இருந்த நகரங்களைக் கடல் கொண்டது என்கிறது இறையனார் களவியல் உரை. மிகப் பெரிய கண்டமே மூழ்கியது என்று பின்னாளில் சிலர் கூறியதை நிலவியல் ஏற்கவில்லை, மரக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கரையோர ஊர்களைக் கடல் கொள்ளும் என்பதில் ஐயமில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நாகப்பட்டினம் அதைக் கண்டது. நிலத்தை இழந்த மக்கள் அந்த இழப்பைக் கதையாகச் சுமந்து செல்கின்றனர். தமிழர் சுமந்தது ஒரு சொல்லும் சில வரிகளும்.

கொமாட்சுவின் புதினமும் ஒரு கதையைச் சொல்வதோடுதான் முடிகிறது. ஜப்பான் இல்லை. சைபீரியாவின் பனிவெளியில் தொடர்வண்டி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. தீக்காயங்களுடன் ஒனோதெரா அதில் படுத்திருக்கிறான். தான் எங்கே இருக்கிறான் என்பதும் அவனுக்குத் தெளிவாக இல்லை. அருகில் இருக்கும் இளம்பெண் ஹச்சிஜோ தீவின் பழங்கதை ஒன்றைக் கூறுகிறாள். ஆழிப்பேரலை அத்தீவின் மக்கள் அனைவரையும் அழித்தது. கருவுற்ற ஒருத்தி மட்டும் பிழைத்தாள். அவள் பெற்ற மகனிலிருந்து தீவில் மீண்டும் மக்கள் பெருகினர் என்பது அக்கதை. வெளியே இருள். வண்டி மேற்கு நோக்கிச் செல்கிறது. அதன்பின் ‘முதற்பகுதி முற்றிற்று’ என்று எழுதியிருந்தார் கொமாட்சு. இரண்டாம் பகுதி 33 ஆண்டுகள் கழித்து, 2006ஆம் ஆண்டு, கோஷூ தானி என்னும் எழுத்தாளரின் துணையோடு வெளிவந்தது. நாடு மூழ்கி 25 ஆண்டுகளுக்குப் பின், உலகெங்கும் பிரிந்து வாழும் ஜப்பானியரின் கதை அது.

பயிற்சி

1. பசிபிக் தட்டு மிக மெதுவாக நகர்ந்தாலும் பெரும் நிலநடுக்கம் ஏற்படுவது ஏன்? வில்லின் உவமையைக் கொண்டு விளக்குக.
2. ஜப்பான் மூழ்காது என்பதற்குப் பாடத்தில் கூறப்படும் காரணத்தை உம் சொற்களில் எழுதுக.
3. எதுவும் செய்யாமல் இருப்பதே நல்லது என்ற கருத்தை ஆட்சியாளர்கள் ஏற்காதது சரியா? உம் கருத்தை ஒரு பத்தியில் எழுதுக.
4. உம் பெற்றோரின் ஊரைப் பற்றி வீட்டில் வழங்கும் கதை ஒன்றைக் கேட்டு, பத்து வரிகளில் எழுதி வருக.